கட்டும் இடம்

ஆலப்புழையில் படகு வீடு அமர்த்தப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளையே, எத்தனை அறை, குளிர்சாதனம் பகலிலும் உண்டா, மத்தியானச் சாப்பாட்டில் கரிமீன் சேர்த்தியா என்பனவற்றையே, முதல் தடவை நானும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் திருப்திகரமான பதில் கிடைத்தது. ஆயினும் அன்றிரவு நான் தூங்கவில்லை. காயலில் வலை விரிக்கும் மீனவர்களுக்கு இடைஞ்சல் நேராதபடி, சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் படகு வீடுகள் கரையடைந்துவிட வேண்டும் என்ற ஏற்பாட்டையும், அடைகிற கரை எது என்பதை யாரும் தாமாகச் சொல்வதில்லை என்பதையும் நான் அறிந்திருக்கவில்லை. வரிசையாய் நெருங்கி நின்ற பத்திருபது படகுகளுக்கு நடுவில் எங்களுடையதைச் செருகினார்கள். அடுத்த படகின் ஜெனரேட்டர் என் தலைமாட்டில் விடியும்வரை உறுமிக்கொண்டிருந்தது. லாரிப் பேட்டையில் படுத்திருந்தால் வாடகையாவது மிஞ்சியிருக்கும்.

மறு வருஷம் தரகரை நாடாமல், காலை வேளையில் புன்னமடைக் கரையோரமாக நானே நடந்து பார்த்தேன். குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்கு ஏற்றிச்சென்ற கெட்டுவள்ளங்கள், சாலையும் பாலமும் வந்து பிழைப்பு போன பிறகு, 1990களில் கூரையும் கட்டிலும் பெற்று உல்லாசப் பிரயாணிகளுக்கென்று மறுபிறப்பு எடுத்தன என்பது பலரும் அறிந்த விஷயம். பழைய வள்ளமொன்றின் உட்புறத்தைக் குனிந்து பார்த்தபோதுதான் பெயரின் பொருத்தம் புலப்பட்டது: ஆஞ்சிலிப் பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, இடுக்கில் தேங்காய் நாரைத் திணித்து, கயிற்றால் இறுக்கித் தைத்திருந்தார்கள், ஆணி என்ற பேச்சே இல்லை. கரிய மெழுக்குப் படிந்த அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டே, உரிமப் பத்திரத்தையும் உயிர்காப்புச் சட்டைகளையும் பற்றிச் சம்பிரதாயமாக விசாரித்துவிட்டு, "ராத்திரி எங்கே கட்டுவீர்கள்?" என்றேன். முதலாளி வாய் திறப்பதற்குள் சுக்கான் பிடிக்கும் ஸ்ராங்கு, "காற்றைப் பார்த்துத்தான் சாரே, கைனகரிப் பக்கம் தனியாக ஒரு தென்னை இருக்கிறது" என்றார். அறை சிறியது, மெத்தையும் சுமார்தான். நான் பேரம் பேசவில்லை.

சொன்னபடியே அந்தத் தென்னையில்தான் கட்டினார். வரப்பின் ஒரு பக்கம் காயல் தளும்பி நிற்க, மறுபக்கம் ஓராள் ஆழத்தில் நெற்பயிர் விரிந்து கிடந்தது. கடல் மட்டத்துக்குக் கீழே உழுது பயிரிடுகிற அந்தச் சீமையில், திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல, படகிலிருந்தபடியே வயலை எட்டிப் பார்த்தேன். இருட்டியதும் எங்கிருந்தோ மோட்டார் சத்தம் கேட்டது. திடுக்கிட்டு விசாரித்தேன், வயலில் ஊறும் நீரை இறைத்துக் காயலில் தள்ளுகிற யந்திரம், அது நின்றுவிட்டால் பயிர் முழுகிப்போகும் என்றார் ஸ்ராங்கு. இரவெல்லாம் அது ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். காலையில் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.