சர்க்கார் போகச் சொன்ன ஊர்

2020 ஜூன். சென்னையில 19-ம் தேதியிலிருந்து மறுபடியும் கடுமையான ஊரடங்குன்னு அறிவிச்சதும் ஜி.எஸ்.டி. ரோடு பிதுங்கிப் போச்சு. பைக், கார், குட்டியானை... இ-பாஸ் இல்லாதவங்களைத் திருப்பி அனுப்பிட்டிருந்தாங்க. சிங்கப்பெருமாள் கோவில்ல எங்க வீட்டு டிவியில இதைப் பார்த்த பாட்டி (அப்போ 87 வயசு) திடீர்னு, "நாங்களும் இப்படித்தான்டா இந்த ஊருக்கு வந்தோம்"னு ஆரம்பிச்சாங்க.

அது 1942 ஏப்ரல். பாட்டிக்கு ஒன்பது வயசு, வீடு திருவல்லிக்கேணி. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்துடுச்சு. ஏப்ரல் 5 கொழும்புல ஜப்பான் குண்டு, மறுநாளே விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மெட்ராஸ்தான்னு எல்லாருக்கும் கிலி. இருக்கவேண்டிய அவசியம் இல்லாதவங்க ஊரை விட்டுக் கிளம்பலாம்னு சர்க்காரே அறிவிச்சுது. ஹைகோர்ட்டே கோயம்புத்தூருக்குப் போச்சுன்னா பார்த்துக்குங்க. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா என்ன பண்றதுன்னு, சென்ட்ரல் பக்கத்துல இருந்த மிருகக்காட்சி சாலையில சிங்கம், புலியை எல்லாம் சுட்டுத் தள்ளிட்டாங்க. (பாவம், அதுங்களுக்கும் உலகப்போருக்கும் என்னங்க சம்பந்தம்?)

பயம் பொய்யில்லை, அதை ஒத்துக்கணும். ஆனா யார் யாரைக் கேட்டு இதெல்லாம் நடந்துச்சு? 1939 செப்டம்பர் 3-ம் தேதி, இந்தியாவும் போர்ல இருக்குன்னு வைஸ்ராய் லின்லித்கோ அறிவிச்சார். இங்க ஒரு தலைவரைக்கூடக் கேட்கலை. அந்தக் கோபத்துல அக்டோபர் கடைசியில ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா. ஆக 1942-ல் மெட்ராஸ்ல ஜனங்க ஓட்டுப் போட்டு வந்த மந்திரின்னு ஒருத்தரும் கிடையாது, கவர்னர் ஆர்தர் ஹோப் ஆட்சிதான். இந்தியப் பாதுகாப்பு விதிகள்படி பத்திரிகைக்குத் தணிக்கை, வதந்தி பரப்பினா குற்றம். சேதியையும் முழுசா சொல்லமாட்டாங்க, வதந்தியும் பேசக்கூடாதுன்னா ஜனங்க எதைத்தான் பேசுவாங்க? "கப்பல் தெரியுதாம்"னு பக்கத்து வீட்டம்மா சொன்னதை நம்பித்தான் எங்க கொள்ளுப்பாட்டி அண்டா, குண்டானை எல்லாம் கிடைச்ச விலைக்கு வித்திருக்காங்க.

கொள்ளுத்தாத்தா கிளம்பலை. ஒரு ஆபீஸ்ல குமாஸ்தா, அவசியமான ஆளாம். வீட்டுல அவருக்குப் பேரே எம்டன். (1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் எண்ணெய் டாங்கியைச் சுட்டுட்டுப் போச்சே, அந்த ஜெர்மன் கப்பல்தான். ஒரே ராத்திரி வந்துட்டு நம்ம பாஷையிலேயே தங்கிடுச்சு.) அந்த எம்டன், எழும்பூர்ல குடும்பத்தை ரயிலேத்திட்டு பிளாட்பாரத்துல நின்னு அழுதாராம். பாட்டி அவர் அழுது பார்த்தது ரெண்டே தடவை. அது முதல் தடவை.

இங்க ஒரு தூரத்து உறவு வீட்டுத் திண்ணை. பதினோரு பேர். பாடலாத்ரி நரசிம்மர் மலைதான் பிள்ளைங்களுக்கு விளையாட்டு மைதானம். பாட்டிக்கு ஒண்ணரை வயசுல ஒரு தம்பி. மே மாசம் அவனுக்கு ஜுரம் வந்துச்சு. நாலு நாள். அப்பாவுக்குத் தந்தி போய் அவர் வந்து சேர்றதுக்குள்ள ஏரிக்கரையில புதைச்சாச்சு. ரெண்டாவது தடவை அழுதது அப்போதான்.

ஜப்பான் கப்பல் மெட்ராஸ் பக்கம் வரவே இல்லை. 1943 அக்டோபர்ல ஒத்தை விமானம் வந்து குண்டு போட்டதோட சரி. போனவங்க ஒவ்வொருத்தரா திரும்பினாங்க. கொள்ளுப்பாட்டி மட்டும் முடியவே முடியாதுன்னுட்டாங்களாம், பிள்ளை இங்க இருக்கான்னு. கொள்ளுத்தாத்தாதான் ரிட்டையர் ஆகுற வரைக்கும் ரயில்ல போய்ட்டு வந்தார். எங்க குடும்பம் சிங்கப்பெருமாள் கோவில்காரங்க ஆனது இப்படித்தான். பர்மா விழுந்ததுல அங்கேருந்து வர்ற அரிசி நின்னு போய், அப்புறம் ரேஷன் வந்து க்யூவுல நின்ன கதை தனி. பாட்டி அதைச் சிரிச்சுகிட்டே சொல்வாங்க.

எந்தப் புத்தகத்துலயும் அந்தப் போர்ல செத்தவங்க கணக்குல பாட்டியோட தம்பி வரமாட்டான். ஏரிக்கரையில எந்த இடம்னு பாட்டிக்கே இப்போ அடையாளம் தெரியலை, மனை போட்டு வித்துட்டாங்க.

டிவியில போலீஸ்காரர் ஒருத்தர் ஒரு குடும்பத்தோட இ-பாஸை வாங்கிப் பார்த்துட்டு வண்டியை விட்டார். பின்சீட்டுல ஒரு சின்னப்பையன். பாட்டி என் பக்கம் திரும்பி, "ஏண்டா, போறதுக்கு மட்டுமா பாஸ், திரும்பி வர்றதுக்கும் சேர்த்துக் குடுத்திருக்கானா?"ன்னாங்க.

எனக்குச் சட்டுன்னு பதில் சொல்லத் தெரியலை.