பட்டுப்பூச்சியின் கால்கள்

சிறுவர்க்குப் பாடஞ் சொல்லச் சென்று, நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் பாடங் கேட்டுத் திரும்பிய வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம். எம்மோடு பயிலும் நண்பர் சிலர் இதனை முன்னரே எம் வாய்மொழியாகக் கேட்டு நகைத்துள்ளனர். அவர்கள் இன்னுமொருமுறை நகைப்பாராக.

திண்டுக்கல்லினின்று மதுரைக்குச் செல்லும் பெருவழியில், சின்னாளப்பட்டிக்கு அணித்தாய், சிறுமலையின் நிழல் காலைதோறும் வந்து விழும் சிற்றூர் ஒன்று உளது. வாரத்தில் ஒரு முற்பகல் அவ்வூர் அங்கன்வாடிக்குச் சென்று, குழந்தைகட்கு விளையாட்டின் வாயிலாக எதையேனும் கற்பித்து வருதல் கல்லூரிச் சமூகப் பணியில் எமக்கு விதிக்கப்பட்ட கடமை. ஓர் அறை, அதன் பின்னே சமையற்கட்டு, முன்னே வேப்பமரம் நிற்கும் முற்றம், குழந்தைகள் பதினைவர். பாட்டி வீட்டிற்குச் சென்றோரையும், பாட்டியை விட்டு வர மாட்டேன் என்று அழுது வீட்டிலேயே தங்கினோரையும் கழித்தால் பத்துப் பேர் இருப்பர்.

யாம் முதன்முதல் சென்றது பங்குனித் திங்கள். 'வசந்தமும் பூச்சிகளும்' என்னும் பொருள் பற்றி மேனாட்டு மழலைப்பள்ளி ஆசிரியர்க்கென எழுதப்பட்ட பாடக் குறிப்பொன்றைத் தேடியெடுத்துப் படியெடுத்துக்கொண்டு போயினோம். காகிதத் தட்டுக்குச் செஞ்சாயம் பூசிக் கரும்புள்ளியிட்டால் பொறிவண்டு. முட்டை அட்டையை நறுக்கிக் கோத்தால் கம்பளிப்புழு. தாளின் ஒருபுறம் வண்ணந் தடவி இரண்டாக மடித்து அழுத்தினால் வண்ணத்துப்பூச்சி. இவற்றிற்கு முன்னுரையாகப் பனி உருகிய கதையைச் சொல்ல வேண்டுமென்பது குறிப்பின் கட்டளை. அவ்வாறே தொடங்கினோம். பனிக்கட்டி என்றதும் ஒரு பையன் எழுந்து, "ஐஸா அண்ணே?" என்றான். ஆம் என்றோம். உடனே அவன் வண்டிக்காரரைத் தேடிச் சன்னலண்டை ஓடினான். அவனைத் தொடர்ந்து வகுப்பிற் பாதி ஓடிற்று. எஞ்சியோருள் ஒருவன் மைதாப் பசையை உண்டுகொண்டிருந்தான்.

அங்கன்வாடிப் பணியாளர் அம்மையார் எம்மினும் இருபது ஆண்டு மூத்தவர். குழந்தைகள் அவரை 'டீச்சர்' என்பர். அவர் யாவற்றையும் வாயிற்படியில் நின்று பார்த்திருந்து, "பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க தம்பி. உள்ள இருக்கிறதெல்லாம் காகிதப் பூச்சி," என்றார்.

அவர் சொல்லில் இருந்த உண்மை எமக்குப் பையப் பையவே விளங்கிற்று. குளிர்நாடுகளில் பூச்சிகள் பலவும் குளிர்காலம் முழுதும் முட்டையாகவோ, கூடாகவோ, மரப்பட்டைக்கடியில் ஒடுங்கியோ கிடந்து, வெப்பம் மீண்டபின் வெளிப்படும். ஆதலின் அந்நாட்டுக் குழந்தைக்கு வசந்தமும் பூச்சியும் கைகோத்து வருகின்றன. எம் சமவெளியிலோ பெருமழை ஐப்பசி கார்த்திகையிற் பெய்வது. அதன்பின் புல்லும், புல்லையடுத்துப் பூச்சியும் பெருகும். சிறுவராயிருந்தபோது யாம் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்துக் கொடுக்காப்புளி இலையிட்டு வளர்த்ததும் மழைக்காலத்திலேயன்றோ? அதனை மறந்து, பங்குனி வெயிலில் நின்று பனி உருகக் கண்டோம். கல்வி சிலவேளை இவ்வாறும் வேலை செய்யும்.

எனினும் பங்குனி முற்றத்தில் ஒன்றுமில்லை என்பதற்கில்லை. வேம்பு தளிர்த்துப் பூத்திருந்தது. அதன்மீது தேனீக்களின் ஒலி இடையறாது கேட்டது. சுவரோரத்து நுண்புழுதியில் புனலைக் கவிழ்த்து அழுத்தியெடுத்தாற் போன்ற சிறு குழிகள். குழந்தைகள் அவற்றைச் சுற்றிக் குந்தியிருந்து மெல்ல ஊதினர். குழியானை வெளிப்பட்டுப் பின்புறமாகவே நடந்தது. சிறகு முளைத்துப் பறக்கவிருக்கும் பூச்சியொன்றின் இளம்பருவமே இக்குழியானை. சரிவு எவ்வளவு செங்குத்தானால் மணல் சரியத் தொடங்குமோ அவ்வளவிற்குக் குழியைத் தோண்டி, அடியில் தாடையை விரித்துக் காத்திருக்கும். அவ்வழி வந்த எறும்பு ஏற முயலுந்தோறும் காலடி மணல் சரியும். புழுதியில் அது நடந்த தடத்தைக் கண்டு ஒரு சிறுவன் தன் விரலால் அதுபோலவே கோணற்கோடு இழுத்தான். மற்றவரும் இழுத்தனர். யாம் கொண்டுபோன வண்ணத்தாள் உள்ளேயே கிடந்தது.

மறுவாரம் அரிசிமாவு கொண்டு தரையில் எறும்பு வரைந்தனர். எம் பெண்டிர் வாயிலில் இடும் அரிசிமாக் கோலம் எறும்புக்கு உணவென்பதைக் குழந்தைகள் அறிவர். ஆயினும் எறும்புகள் வந்து எறும்பையே தின்பதை அவர்கள் அன்றுதான் கண்டனர். மெல்லிய கோடுகளாகிய காலும் கொம்பும் முதலில் மறைந்தன. உடல் நெடுநேரம் நின்றது. "காலத் தூக்கிட்டுப் போகுது!" என்று ஒரு பெருங்கூச்சல். அப்போது உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து எறும்பின் கால்களை எண்ணச் செய்தோம். ஆறு. ஈயைக் காட்டினோம், ஆறு. பூச்சியென்றால் ஆறு கால் என்று தாளம் போட்டுச் சொல்லவும் வைத்தோம். இத்தாளமே பின்னர் எம்மைக் கெடுத்தது.

சமையற்கட்டின் பின்னுள்ள கறிவேப்பிலைச் செடியிலும் ஒரு பாடம் கிடைத்தது. இலைமேற் பறவையின் எச்சம்போற் கிடந்தவை சில நாளிற் பச்சைப் புழுக்களாயின. தொட்டால் தலையின் பின்னிருந்து செந்நிறக் கவைக்கொம்பை நீட்டி ஒரு நெடி வீசும். எலுமிச்சை வகைச் செடிகளிலும் கறிவேப்பிலையிலும் வளரும் கருமஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. நண்பகல் உணவுக்கு இலை பறிக்கும் ஆயா, "சாம்பாருக்கு இல்லாத எல இந்தப் புழுவுக்கா?" என்று சினந்தார். அவர் கேள்வியும் நேரியதே. ஒரு கிளை புழுவிற்கு, மற்றவை சாம்பாருக்கு என்று டீச்சர் உடன்படிக்கை செய்துவைத்தார். அக்கிளையைக் குழந்தைகள் வாரந்தோறும் வரைந்தனர்: புழுவை, இடையில் நூல்கட்டிச் சாய்ந்து தொங்கும் கூட்டை, பின்னர் வெற்றுக் கூட்டை. 1647-இல் பிறந்த மரியா சிபில்லா மெரியன் என்னும் செர்மானிய ஓவியமாது தம் பதின்மூன்றாம் வயதிற் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கி, பின்னாளிற் சூரினாம் நாட்டுக்கும் சென்று, 1705-இல் வெளியிட்ட பெருநூலில் இவ்வாறே செடியும் புழுவும் கூடும் சிறகுயிரும் ஒரே தாளில் அமையத் தீட்டினார். அவர் தாளைக் கண்டு எம் குழந்தைகள் கற்றாரல்லர்; ஒரே கிளையில் எல்லாம் இருந்தமையின் ஒரே தாளில் வரைந்தனர்.

இனி எம் குற்றத்திற்கு வருவோம்.

நான்காம் வாரம் கிரேயானும் பென்சிலும் கொடுத்து, தமக்குத் தெரிந்த பூச்சியை வரையுமாறு சொன்னோம். ஒரு சிறுமி தாளின் நடுவே செவ்வுருண்டை ஒன்று தீட்டி, பென்சிலாற் கால்கள் இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் அன்னை வீட்டிலிருந்து சுங்கடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவர். துணியை விரல்நுனியாற் கிள்ளி நூல் சுற்றிச் சாயத்தில் தோய்த்தபின் அவிழ்த்தால், முடிந்த இடமெல்லாம் வெண்புள்ளியாய் நிற்கும். அப்புள்ளிகளை அன்னையருகிருந்து எண்ணி எண்ணி அவள் எண்ணுக் கற்றவள். என்ன வரைந்தாய் என்று வினவினோம். "பட்டுப்பூச்சி. மழ பெஞ்சா வரும்," என்றாள். பட்டுநூல் தரும் பூச்சியை அவள் கூறவில்லை. முதல் மழையின்பின் செம்மண்ணில் வெல்வெட்டுத் துணித்துணுக்குப் போல ஊர்ந்து வரும் சிற்றுயிரையே எம் ஊர்ச் சிறார் அப்பெயரால் அழைப்பர். சங்கப் புலவர் மூதாய் என்றதும், பின்னோர் இந்திரகோபம் என்றதும் இதனையே.

கால்களை எண்ணினோம், எட்டு. "பூச்சிக்கு ஆறு கால்தானே பாப்பா?" என்று சொல்லி, இரப்பரை எடுத்து இரண்டு கால்களை அழித்தோம். நகைமுகத்தோடுதான் அழித்தோம். அவள் எம்மைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாது தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

அதுமுதல் அவள் தானாக ஒன்றும் வரைந்தாளல்லள். யாம் பலகையில் வரைந்ததைப் பார்த்து வரைவாள். ஒவ்வொரு கோட்டிற்கும் முன் தலை நிமிர்ந்து, "அண்ணே, சரியா?" என்பாள். படங்கள் முன்னினும் ஒழுங்காயிருந்தன. யாம் மகிழ்ந்தும் இருப்போம், டீச்சர் மட்டும், "இவ இப்படிக் கேக்கிற பிள்ள இல்லையே," என்று கூறாதிருந்தால்.

அன்றிரவு நூலெடுத்துப் பார்த்தோம். வளர்ந்த பட்டுப்பூச்சிக்குக் கால் எட்டு. அது சிலந்திக்கும் தேளுக்கும் உறவு, எறும்புக்கும் ஈக்கும் அன்று. அதன் இளம்பருவத்திற்கு ஆறு காலே உண்டு என்னும் செய்தியையும் அவ்விடத்துக் கண்டு, எம் கட்சிக்குச் சான்று கிடைத்ததென ஒரு கணம் களித்தோம் என்பதை மறைப்பானேன்? அவ்விளம்பருவம் பிற பூச்சிகளின் உடலில் ஒட்டி வாழும் நுண்ணுயிர். மழைநாளில் குழந்தை கையில் ஏந்துவது அதுவன்று. தமிழிற் 'பூச்சி' என்னும் சொல்லும் காலெண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டதன்று. சிலந்தியும் பூச்சி, மரவட்டையும் பூச்சி. இரவில் வழிநடப்போர் அஞ்சும் பூச்சி பொட்டில் பாம்பும் அடங்கும். தொல்காப்பியர் எறும்பை மூவறிவுயிருள்ளும் தும்பியை நாலறிவுயிருள்ளும் வைத்தது புலன்களை எண்ணியேயன்றிக் கால்களை எண்ணியன்று. ஆறு கால் என்னும் விதி பிழையன்று. அதனை அவள் பட்டுப்பூச்சியின்மேல் ஏற்றியதே பிழை.

பிழை தெரிந்தது. ஆயினும் அடுத்த வாரம் சென்றபோது சொல்லவில்லை. பதினைந்து குழந்தைகளின் முன் தாளத்தைத் திருப்பிப் போடுவதா என்று நாணினோம். அதன் மறுவாரம் வேறு வேலை வந்தது. பின்னர்த் தேர்வு; பின்னர்க் கோடை விடுமுறை. இப்படியே ஆனியும் ஆடியும் கழிந்தன.

அம்மாதங்களில் மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. 1907-இல் உரோமாபுரியின் ஏழைத் தெருவொன்றில் முதற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர் மூண்டமையால் நாடு திரும்ப இயலாது, சில காலம் கொடைக்கானலில் வாழ்ந்தார். 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமானபின் கொடைக்கானல் எம் மாவட்டத்து ஊரே. அங்கே தங்கிய நாட்களிற் செடியும் உயிரும் அவர்தம் கல்வி முறையிற் பேரிடம் பெற்றன. அவர் செய்த உருளைக் கட்டையில் ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டால், இறுதியில் ஓர் உருளை பொருந்தாமல் எஞ்சும். பிழையைச் சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை, கட்டையே சொல்லும். இதைப் படித்தபோது எம் கையிலிருந்த இரப்பர் நினைவிற்கு வந்தது. 1945-இல் போர்டி என்னும் கடற்கரையூரில் தாராபாய் மோடக் அம்மையார் ஏழை மக்களின் முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டுசென்று, இலையையும் கல்லையும் கருவியாக்கிய வரலாற்றையும் அறிந்தோம். முற்றம் என்னும் பொருளே 1975-இல் அரசு தொடங்கிய திட்டத்தின் 'அங்கன்வாடி' என்னும் பெயரிலும் உளது. அம்முற்றத்தை விட்டு யாம் காகிதத் தட்டோடு உள்ளே புகுந்திருந்தோம்.

ஐப்பசி முதல் வாரம் இரவெல்லாம் மழை. காலையிற் சிறுமலை முகிலுக்குள் மறைந்திருந்தது. யாம் முற்றத்தை அடையுமுன் அச்சிறுமி எதிரே ஓடி வந்தாள். கையை மூடியிருந்தாள். "அண்ணே, கையக் காட்டுங்க," என்றாள். காட்டினோம். உள்ளங்கையில் ஒரு பட்டுப்பூச்சியை வைத்தாள். அது சற்று நேரம் கால்களை மடக்கிச் செம்மணிபோற் கிடந்து, பின் நடந்தது. முன்னிரு கால்களைத் தரையில் ஊன்றாது, கொம்புபோல் நீட்டித் தடவித் தடவி நடந்தது. விரைந்து எண்ணுவார் ஆறென்றே எண்ணுவர். அவள் விரைந்து எண்ணவில்லை. சுங்கடிப் புள்ளியை எண்ணுவாள்போல் ஒவ்வொன்றாய்ச் சுட்டி எட்டு வரை வந்து, எம் முகத்தை நோக்கினாள். 'சரியா' என்று கேட்கவில்லை.

"எட்டுதான். அன்னைக்கு நான்தான் தப்பா அழிச்சிட்டேன், பாப்பா," என்றோம். ஏழு மாதம் சொல்லாதிருந்தது அவ்வளவு சிறிய வாக்கியம். அவளோ அதற்குள் அதனை விட்டு வேறொன்றிற்குச் சென்றுவிட்டாள். "இதுக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்றாள்.

எமக்குத் தெரியாது. தெரியாதென்றே சொன்னோம். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவர அவள் உள்ளே ஓட, யாம் அந்தச் சிற்றுயிர் நழுவாதபடி உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு, ஈர மண்ணில் மண்டியிட்டோம்.