ஒரே வீட்டில் இரு பருவங்கள்

பிள்ளைப் பருவம் விடைபெற்று இளமை எட்டிப் பார்க்கும் காலம் விந்தையானது. உடலில் ஹார்மோன்கள் செய்யும் வேலை ஒரு புறம். ஊரார் செய்யும் வேலை மறு புறம். பெண்ணுக்கு இம்மாற்றம் ஆணைவிட ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே தொடங்குகிறது என்கிறது அறிவியல்.

ஆம்பூரில் எங்கள் வீட்டிலேயே இதைக் கண்டேன். என் தங்கை என்னைவிட ஒன்றரை வயது இளையவள். ஆகவே இருவரும் ஒரே சமயத்தில் அப்பருவத்தை அடைந்தோம். அவளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தது, சைக்கிள் நின்றது, வாசலில் நிற்பதும் குற்றமாயிற்று. எனக்கு மகரக்கட்டு உடைந்தது. இரவு 9 மணி வரை தெருவில் சுற்ற உரிமை கிடைத்தது. அவள் தலைவலி, வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாள். நான் டேனரி வேலை முடிந்து வரும் அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். என் கோபத்தை 'வயசுக் கோளாறு' என்று மன்னித்தவர்கள், அவளது மௌனத்தை 'அடக்கம்' என்று புகழ்ந்தார்கள்!

பெண்ணின் மன அழுத்தம் பெரும்பாலும் உள்ளே புழுங்கும். ஆணின் அழுத்தம் வெளியே வெடிக்கும் என்பர் உளவியலார். ஏறக்குறைய 13 வயதுக்குப் பிறகு மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் சுமார் இரு மடங்கு காணப்படுகிறது. ஆணுக்கும் அழுகை உண்டு, 'ஆம்பிளை அழலாமா?' என்ற சொல் அதை மூடிவிடுகிறது.

பத்தாம் வகுப்போடு தங்கையை நிறுத்திவிடலாம் என்று உறவினர் பேசியபோது, ஷூ கம்பெனியில் தைக்கும் அம்மா, "ரெண்டு பேரும் படிக்கட்டும்" என்று முடித்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; இரண்டாவது ஆள் அவள். 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அவள் புத்தகச் செலவுக்கு உதவுகிறது.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் பேசாத தங்கையோ, கத்துகிற தம்பியோ இருக்கலாம். அருகில் அமர்ந்து, "என்ன ஆச்சு?" என்று ஒரு முறை கேளுங்கள்.