அளந்த இடம்

அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோரும் தம் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்வது பழைய வழக்கம். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சீர்செய்து, புதிய பிரைமரும் வெடிமருந்தும் இட்டு, அதன் வாயில் குண்டை அழுத்திப் பொருத்துவர். முப்பது ஆண்டுகள் இவ்வேலையில் பழகிய ஒருவர், ஒரு குளிர்காலத்தில் குண்டின் வகையை மட்டும் மாற்றினார். மருந்தின் அளவும் தோட்டாவின் நீளமும் பழையபடியே இருந்தன. குண்டு மாறினால் குறைந்த மருந்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்று கையேடுகள் எச்சரிப்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும் நீளம் மாறவில்லையே என்று எண்ணினார்.

அவருடையது .308 வின்செஸ்டர். அத்தோட்டாவின் மொத்த நீளம் 71.37 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்பது அமெரிக்கத் தர வரையறை. காலிப்பரில் அவர் அளந்த ஐம்பதும் அவ்வரம்புக்குள் அடங்கின. ஆனால் முதல் தோட்டாவை இட்டுத் துப்பாக்கியின் அறையை மூடும்போது பிடி இறுகியது. வெளியே எடுத்துப் பார்த்தார். குண்டின் தோளில் மெல்லிய கீறல்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

மொத்த நீளம் என்பது அடிமுதல் நுனிவரை உள்ள தொலைவு. குழலுக்குள் சுழன்றோடும் வரிமேடுகளை முதலில் தொடுவதோ நுனியன்று. குண்டு தன் முழுப் பருமனை எட்டும் தோள்பகுதியே. மூக்கு பருத்த குண்டில் அத்தோள் நுனிக்கு அருகில் அமைந்திருக்கும். ஆகவே நீளம் ஒன்றாக இருந்தும் தோள் முன்னேறி வரிகளில் முட்டுகிறது. முட்டி நிற்கும் குண்டு தடையின்றி நகர இடமில்லாமையால் அழுத்தம் விரைந்து உயர்கிறது.

அப்படியாயின் குண்டை ஆழமாகப் பொருத்திவிடலாமே எனத் தோன்றும். ஆழம் கூடினால் மருந்துக்குரிய வெளி சுருங்கும். பெரிய ரைஃபிள் கூட்டில் அதன் விளைவு சிறிது. கைத்துப்பாக்கியின் சிறு கூட்டில் பெரிது. 9 மி.மீ. தோட்டாவில் குண்டு முக்கால் மில்லிமீட்டர் அளவு கூடுதலாக உள்ளிறங்கியபோது அழுத்தம் இருமடங்கைத் தாண்டியதை ஸ்பியர் கையேடு பதிவுசெய்துள்ளது. முன்னும் ஆபத்து, பின்னும் ஆபத்து. இடையிலுள்ள பாதுகாப்பான இடம் ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு குழலுக்கும் வேறு. சுடச்சுட வெப்பம் குழலின் தொடக்கப்பகுதியை அரிப்பதால், ஒரே குழலிலும் அவ்விடம் மெல்ல முன்னகர்ந்துகொண்டே போகும்.

அவருடைய காலிப்பரில் பிழையில்லை, கணக்கிலும் பிழையில்லை. எளிதில் அளக்கக்கூடியதை அளந்து, அறியவேண்டியதை அறிந்துவிட்டதாக அவர் நம்பியிருந்தார். ஆய்வுக்கூடங்களில் இருப்போருக்கும் இது அயலான அனுபவமன்று.

அன்றிரவு ஐம்பது தோட்டாக்களிலிருந்தும் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மருந்தை அதன் டப்பாவிலேயே திரும்பக் கொட்டினார். பின்னர்க் குறிப்பேட்டில் ‘மொத்த நீளம்’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, ‘அடிமுதல் தோள்வரை’ என்று எழுதினார். முப்பது ஆண்டுகளின் முந்தைய பக்கங்களில் அந்தப் பத்தி இல்லை.