தாராபுரம்: வேலியோரக் கற்றாழை வீட்டுக்குள் வந்தால்...

ஆனி, ஆடி மாதங்களில் தாராபுரம் பக்கம் போகிறவர்களை முதலில் வரவேற்பது காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று, மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக இங்கே வீசும். அதை நம்பித்தான் வட்டாரமெங்கும் காற்றாலைகள் நிற்கின்றன. அமராவதி பாயும் இடங்களில் நெல் பச்சை கட்டும். ஆற்றை விட்டு விலகி மூலனூர், குண்டடம் பக்கம் போனால் சரளை கலந்த செம்மண் மேட்டாங்காடு. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், மேய்வதற்குக் காங்கேயம் மாடு. இதைத்தான் கொரங்காடு என்கிறார்கள்.

இந்த மாதிரி வறண்ட மண்ணின் வேலியோரத்தில் சோற்றுக்கற்றாழை தானாகவே கிடக்கும். யாரும் தண்ணீர் விடுவதில்லை. சித்திரை வெயிலில் செம்பழுப்பாகிச் சுருங்கும். ஐப்பசி மழைக்கு மறுபடி உப்பிக்கொள்ளும். பல வீட்டு வாசல்களில் திருஷ்டிக்காகத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வேருக்கு மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அரேபியத் தீபகற்பத்தைப் பூர்வீகமாகக் கொண்ட செடி இது. வெயில் நேரத்தில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்கும். ஈரம் வீணாகாது, சேமிப்பெல்லாம் சோற்றில் இருக்கும்.

தாராபுரத்திலிருந்து திருப்பூர் சுமார் 50 கிலோமீட்டர். பனியன் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே லைன் வீட்டில் குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஊருக்கு வந்து திரும்பும்போது, முருங்கைக்காயோடு ஒரு கற்றாழைக் கன்றும் பையில் ஏறும். பழைய பெயின்ட் டப்பாவில் நட்டு, சமையலறை ஓரத்தில் வைத்து, தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். கொஞ்ச நாளில் அடி இலை குழைந்து, செடி சாய்ந்துவிடும். வேலியில் வறட்சிக்கே சாகாத செடியை வீட்டுக்குள் கொல்வது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். ஓட்டை இல்லாத டப்பாவில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகல் தொடங்கிவிடும்.

ஆகவே வீட்டுக்குள் கற்றாழை வளர்ப்பது என்றால், அந்த மேட்டாங்காட்டைத் தொட்டிக்குள் கொண்டுவருவதுதான். அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டி நல்லது. செம்மண் ஒரு பங்கு, பருமணல் அல்லது பொடிச் சரளை ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி போதும். கன்றைப் பிரித்ததும் இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு, வெட்டுக்காயம் காய்ந்த பிறகு நட வேண்டும். முதல் வாரம் தண்ணீர் வேண்டாம். பிறகு விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றலாம். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை என்பது பொதுவான கணக்கு.

காலை வெயில் படும் கிழக்கு ஜன்னல் ஏற்ற இடம். இலை வெளுத்து நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. மெலிந்து மடங்கினால் தாகம். குழைந்தால் நீர் அதிகம்; உடனே பிடுங்கி, அழுகிய வேரை வெட்டி, உலரவைத்துப் புது மண்ணில் நடலாம். இலை இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

இலையை அறுத்ததும் வடியும் மஞ்சள் பாலில் கவனம் வேண்டும். அது கடும் பேதியாக்கும். அமெரிக்காவில் கடைகளில் நேரடியாக விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழைப் பாலைச் சேர்ப்பதற்கு 2002-ல் தடை வந்தது. வெட்டிய இலையைச் செங்குத்தாக நிறுத்திப் பாலை வடியவிட்டு, சோற்றை நன்றாகக் கழுவித்தான் தோலில் பூச வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. நாய், பூனை கடிக்காத இடத்தில் தொட்டி இருக்கட்டும். வேலியில் முள் முனையோடு விறைப்பாக நிற்கும் ரயில் கற்றாழை வேறு செடி. அதன் சாறு பட்டால் தோல் அரிக்கும்.

அடுத்த தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்கள் கன்றை மட்டும் பிடுங்கிக்கொண்டு போக வேண்டாம். அது நின்ற இடத்துச் செம்மண்ணும் சரளையும் ஒரு பை அள்ளிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, தினமும் சொம்பைத் தூக்காமல் இருப்பது.