கூடாரத்துக் காப்பி

வனவாசம் போனவர்கள் பட்ட கஷ்டங்களை நமது இதிகாசங்கள் விஸ்தாரமாகச் சொல்லியிருக்கின்றன. கல்லும் முள்ளும் குத்தியது, ராக்ஷஸர்கள் தொல்லை கொடுத்தது, காய் கனி கிழங்குகளைத் தின்று காலம் தள்ளியது எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால், விடிந்து எழுந்ததும் காப்பிக்கு என்ன செய்வது என்னும் கஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 14 வருஷம் காட்டில் இருந்த இராமபிரானுக்கும் 12 வருஷம் இருந்த பாண்டவர்களுக்கும் அந்தக் கவலை இல்லை. அவர்கள் பாக்கியசாலிகள். காப்பி விதை நம் தேசத்துக்கு வந்ததே 17-ம் நூற்றாண்டில்தான் என்கிறார்கள். பாபா புதான் என்ற முஸ்லிம் பெரியவர் ஏமன் தேசத்திலிருந்து ஏழு விதைகளை மறைத்து எடுத்துவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது கர்ணபரம்பரை. அதற்குப் பின் பிறந்த நம்மைப் போன்றவர்கள் வனவாசம் போவதென்றால், வில்லும் அம்பும் இல்லாவிட்டாலும் பில்டர் இல்லாமல் முடியாது.

சென்ற தை மாதத்தில் நாங்கள் மூன்று குடும்பத்தார், குழந்தைகளுடன் 11 பேர், சேர்வராயன் மலையில் ஏற்காட்டுக்கு அப்பாலுள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் மூன்று இரவு கூடாரம் அடித்துத் தங்கினோம். தோட்டக்காரர் எங்களுக்கு வேண்டியவர். இடம் கொடுத்தார், தண்ணீர்க் குழாய் கொடுத்தார், பாலுக்கும் ஏற்பாடு செய்தார். மின்சாரம் மட்டும் அவரால் கொடுக்க இயலவில்லை. அந்த மூலைக்குக் கம்பி எட்டவில்லை.

சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையின் முயற்சியால் 1820-களில் இந்த மலையில் காப்பி வேரூன்றிற்று. இன்று கூடாரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் காப்பிச் செடிதான். சவுக்கு மரத்தைப்போல் நெட்டையாக வளர்ந்த சில்வர் ஓக் மரங்கள், அவற்றின்மேல் ஏறிய மிளகுக் கொடி, அடியில் சிவந்த பழங்கள் குலுங்கும் செடிகள். அப்படியிருந்தும் அங்கே ஒரு வாய்க் காப்பிக்கு வழியில்லை! பழத்தைப் பறித்து, தோல் நீக்கி, வழுவழுப்புப் போக ஊறவைத்துக் கழுவி, நாட்கணக்கில் வெயிலில் உலர்த்தி, மேலோட்டை அகற்றி, வறுத்து, அரைத்த பிறகல்லவா அதற்குக் காப்பி என்று பெயர்? சமுத்திரத்தின் நடுவே தாகத்தால் தவித்தவன் கதைதான் எங்கள் கதையும்.

எங்கள் கோஷ்டியில் இந்தப் பிரச்னைக்கு முன்கூட்டியே பரிகாரம் தேடியவர் பெரிய அத்தையின் மாப்பிள்ளை. பெங்களூரில் என்ஜினீயர். மின்சாரக் கெட்டில் ஒன்றும், செல்பேசிக்கு உயிரூட்டும் மின்கலப் பெட்டிகள் இரண்டும் கொண்டுவந்திருந்தார். முதல் நாள் மாலை அவரே காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டார். காப்பி குடிப்பவர்கள் 8 பேர். டிகாக்ஷனுக்கு அரை லிட்டர் தண்ணீர், பால் ஒரு லிட்டர். மலைக் குளிரில் 12 டிகிரியில் இருக்கும் ஒன்றரை லிட்டரைக் கொதிக்க வைக்கச் சுமார் 145 வாட்-மணி சக்தி தேவை. பெட்டி ஒன்றில் இருப்பதோ 74. அதையும் அது சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கும். கெட்டில் ஒரே மூச்சில் 1,500 வாட் கேட்கும். மாப்பிள்ளை பென்சிலைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை, அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஊருக்குத் திரும்பியதும் உபயோகப்படும்" என்றாள் பெரிய அத்தை. பிறகு, யாருக்கும் சொல்லாமல் கொண்டுவந்திருந்த கோணிப் பையை அவிழ்த்தாள். உள்ளே பித்தளைப் பம்பு ஸ்டவ் ஒன்று பளபளத்தது.

வாசகர்களில் வயதானவர்களுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இளைஞர்களுக்காகச் சொல்கிறோம். 1892-ல் ஸ்வீடன் தேசத்து லிண்ட்குவிஸ்ட் என்பவர் கண்டுபிடித்த அடுப்பு அது. திரி கிடையாது. தலைப்பகுதியைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி முதலில் அதைச் சுட வைக்க வேண்டும். பிறகு பம்பை அடித்தால், காற்றின் அழுத்தத்தால் மேலே ஏறும் மண்ணெண்ணெய் சூட்டில் ஆவியாகி, நீல ஜ்வாலையாக எரியும். அவசரப்பட்டுச் சூடேறும் முன்பே பம்பு அடித்தால் மஞ்சள் ஜ்வாலை ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பிப் புருவத்தை விசாரித்துவிட்டுப் போகும். துவாரம் அடைத்துக்கொண்டால் குத்துவதற்கு ஓர் ஊசி. எங்கள் 8 பேருக்கும் கால் ஆழாக்கு மண்ணெண்ணெய் தாராளமாகப் போதுமானதாயிருந்தது.

"சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டினால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்டார்கள். தோட்டக்காரர் அதைக் கண்டிப்பாக மறுத்துவிட்டார். தை மாதத்தில் மலைப் புல் காய ஆரம்பித்துவிடும். ஒரு பொறி போதும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் அகப்பட்டு, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறப்பதற்கில்லை. ஆகையால் புல்லைச் செதுக்கிய வெறுந்தரையில் ஸ்டவ்வை வைத்து, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் வைத்தோம். காற்றுக்கு மூன்று பக்கம் கல் அடுக்கி, நாலாவது பக்கத்தைத் திறந்து விட்டோம். முழுவதும் மூடினால் எண்ணெய்த் தொட்டி சூடேறி அபாயம் விளையும் என்பது அத்தையின் அநுபவ ஞானம்.

காலைக் காப்பிக்கு வேண்டிய வேலையில் பாதி முதல் நாள் இரவே முடிந்துவிட வேண்டும். பொடியைப் பில்டரின் மேல் பாத்திரத்தில் போட்டு, குடையை வைத்து இலேசாக அழுத்தி, இறுக மூடி வைத்தோம். சாயங்காலம் வந்த பாலைக் காய்ச்சித் தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைத்தோம். மலைக் குளிரே ஐஸ் பெட்டியாயிற்று. காலையில் வெந்நீர் கொதித்ததும் உடனே ஊற்ற வேண்டும். சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். காப்பியின் சாரத்தை இறக்குவதற்கு அதுவே ஏற்ற சூடு. ஆகவே காத்திருக்க வேண்டியதில்லை. இறங்குகிற டிகாக்ஷன் ஆறிப்போகாமல் பில்டரைக் கம்பளித் துணியால் சுற்றினோம். குழந்தைகள் அதற்கு "காப்பிப் பாட்டி" என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டாம் நாள் காலையில்தான் சோதனை வந்தது. விடியற்காலை 5 மணிக்குத் தூறல் பிடித்துக்கொண்டது, கூடவே ஊதற்காற்று. எங்களில் ஒருவருக்குத் தலைவலி. காப்பி குடித்துப் பழகியவர்களுக்குக் கடைசிக் காப்பிக்குப் பிறகு 12 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும் என்பது வைத்தியர்கள் கண்டிருப்பது. அவர் முதல் நாள் மத்தியானம் தூங்கிப்போய் மாலைக் காப்பியைத் தவறவிட்டவர்; 20 மணி நேரம் ஆகியிருந்தது. "ஸ்டவ்வைக் கூடாரத்துக்குள் கொண்டுவாருங்கள். குளிருக்கும் அடக்கமாயிருக்கும்" என்று அவர் முனகினார். இரண்டு பேர் எழுந்து வெளியே போய் ஸ்டவ்வைத் தூக்கியும் விட்டார்கள்.

அப்போது எழுந்து வழியை மறித்து நின்றவர் மாப்பிள்ளை. மூடிய இடத்தில் அடுப்பெரிந்தால் காற்றுப் போதாமல் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு உண்டாகும் என்றார். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கரி அடுப்பானால் இன்னும் மோசம். "அந்த விஷத்தின் முதல் அடையாளம் என்ன தெரியுமா? தலைவலி! காப்பி குடிக்காததால் வந்த தலைவலி என்றே எல்லோரும் நினைத்துக்கொள்வோம். அப்புறம் தூக்கம் வரும். அதிலிருந்து எழுந்திருக்க மாட்டோம்."

ஒருவரும் பேசவில்லை. குழந்தைகள் மூவரும் போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை அவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "மாப்பிள்ளை சொல்கிறபடிதான். எல்லோரும் வெளியே வாருங்கள்" என்றாள்.

நாங்கள் நால்வர் தார்ப்பாயின் நாலு மூலைகளையும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தோம். பக்கங்கள் திறந்தபடி இருந்தன. அத்தை குந்தி உட்கார்ந்து ஸ்பிரிட்டைக் கொளுத்தினாள். ஒருவர் பம்பு அடித்தார். ஒருவர் பால் பொங்காமல் காவல் காத்தார். தலைவலிக்காரர் டம்ளர்களைக் கழுவினார். கைகள் மரத்துப்போயின; முதுகில் மழை வழிந்தது. காப்பி கைக்கு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வீடுகளில் காப்பி என்பது சமையலறை வாசல் வழியாக வெளியே வருகிற ஒரு வஸ்து. உள்ளே யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், பால் வர எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதெல்லாம் அந்த வாசலுக்கு அப்பாலுள்ள விஷயம். கூடாரத்தில் வாசலே கிடையாது. ஒரு டம்ளர் காப்பிக்கு எத்தனை கைகள் வேண்டியிருக்கின்றன என்பதைப் பகிரங்கமாகப் பார்க்கலாம். அன்று காலை ஒருவராவது "சர்க்கரை போதவில்லை" என்று சொல்லவில்லை என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

மூன்றாம் நாள் பழம் பறிக்க வந்த தோட்டத்துப் பெண்கள் எங்கள் ஆயுதங்களை வேடிக்கை பார்த்தார்கள். "ஒரு காப்பிக்கா அம்மா இத்தனை சாமான்?" என்று அவர்களில் மூத்தவள் கேட்டாள். அவர்கள் முறையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, வெல்லத்தைத் தட்டிப்போட்டு, பொடியைப் போட்டு இறக்கி மூடி, மண்டி தங்கியபின் தெளிவை ஊற்றினால் தீர்ந்தது. பால் இல்லை, பில்டர் இல்லை, காத்திருப்பதில்லை. எண்ணெயும் பாதிதான் செலவு. அவள் சொல்லச் சொல்ல அத்தையே அதைப் போட்டாள். நாங்கள் எல்லோரும் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தை ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். "இதற்குக் காப்பி என்று நான் பெயர் சொல்லமாட்டேன்" என்றாள். பிறகு டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊற்று" என்றாள்.