ஆஸ்பத்திரித் துண்டும் நமது உண்டியலும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

நமது ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய் வந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள். கொப்பியில் ஐந்து மருந்து இருந்தால் மூன்றுதான் கைக்கு வரும். மற்ற இரண்டுக்கும் ஒரு சின்னத் துண்டு: "வெளியில எடுங்க." இரத்தப் பரிசோதனைக்கும் பல நாட்களில் அதே துண்டுதான்.

வசதியுள்ளவர் பாமசியில் வாங்கிக்கொள்வார். கூலிக்குப் போகும் வாப்பா என்ன செய்வார்? ஒரு மாதக் குளிசையை இரண்டு மாதத்துக்கு இழுப்பார். சீனி வருத்தக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் உம்மாமாரை நமக்குத் தெரியும். அது கால் புண்ணில் தொடங்கி எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். "உம்மம்மாவோட மட்டக்களப்புக் கிளினிக்குக்குப் போனன் சேர்" என்று பாடசாலைக்கு வராத பிள்ளைகளின் கணக்கு நமது இடாப்பிலும் இருக்கிறது.

2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தபோது நாடே பேசியது. சின்ன ஆஸ்பத்திரிகளில் அன்றாடம் நடப்பது செய்தியாவதில்லை. அதை நாம்தான் பேச வேண்டும்.

இதுவரை நாம் செய்தது பணம் சேர்த்ததுதான். ஜும்ஆவுக்குப் பிறகு உண்டியல், வாட்ஸ்அப் குழுவில் கணக்கிலக்கம், கட்டாரிலும் சவூதியிலும் கஷ்டப்படும் நம் பிள்ளைகளின் பங்கு. கட்டில் வந்தது, சக்கர நாற்காலி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், அதன் நன்மை அல்லாஹ்விடம் உண்டு. இனியும் கொடுப்போம்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். மெஷினை நாம் வாங்கிக் கொடுக்கலாம். அதை இயக்க ஆள், அதற்கான இரசாயனம், பழுதானால் திருத்தும் செலவு எல்லாம் வருடா வருடம் அரச நிதியில் வரவேண்டியவை. நாம் உண்டியலால் ஓட்டையை அடைக்க அடைக்க, ஓட்டை இருப்பதே மேலே உள்ளவர்களின் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இலவச மருத்துவம் யாரும் போடும் பிச்சையல்ல. 2024 ஜனவரியிலிருந்து சவர்க்காரத்துக்கும் ரீலோடுக்கும் 18 வீத வற் கட்டுகிறோம். ஏழையும் கட்டுகிறார்.

சரி, யாரிடம் கேட்பது? போதனா வைத்தியசாலைகள் மத்திய சுகாதார அமைச்சின் கீழ். பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். நமது கிழக்கு மாகாண சபையோ 2017 இல் கலைந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை, ஆளுநரின் நிர்வாகம்தான். மாகாணத்தில் நமக்காகக் குரல் கொடுக்க, நாம் தெரிவு செய்த ஒருவரும் இல்லை. அதனால்தான் ஊர் பேச வேண்டியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை:

1. "வெளியில எடுங்க" துண்டுகளைப் போட்டோ எடுத்து வைப்போம். நோயாளியின் பெயரை மறைத்து, திகதி, மருந்து, செலவான காசு மூன்றையும் குறிப்போம். மூன்று மாதக் கணக்கு கையில் இருந்தால் யாரும் நம்மைத் தட்டிக்கழிக்க முடியாது.

2. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்போம். அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, வெற்றிடம் எத்தனை, மருந்துக்குக் கேட்ட தொகை என்ன, கிடைத்தது என்ன? தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், ஆணைக்குழு வரை போகலாம்.

3. பள்ளிவாசல் நிருவாகம் மட்டும் மகஜர் கொடுத்தால் அது ஒரு சமூகத்தின் கோரிக்கையாகச் சுருங்கிவிடும். பக்கத்து ஊர்த் தமிழ்ச் சகோதரர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். கோயிலும் சேர்ச்சும் சேர்ந்து ஒப்பமிடட்டும். பிரதி ஆளுநருக்கும் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் எல்லாப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் போகட்டும்.

ஒரு முக்கியமான விடயம். வார்ட்டில் நிற்கும் மிஸ்ஸையோ டொக்டரையோ ஏசாதீர்கள். ஃபேஸ்புக் லைவ் போட்டு அவமானப்படுத்தாதீர்கள். இல்லாத மருந்தை அவர்கள் எங்கிருந்து தருவார்கள்? ஆள் குறைவில் இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார். அவரும் மாற்றம் எடுத்துப் போனால் இழப்பு நமக்குத்தான்.

"பேசினால் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர்" என்று சிலர் சொல்வார்கள். பேசாமல் இருந்தால் ஒவ்வொரு வார்ட்டாக மூடிப் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும். பிறகு பிரசவ வலியோடு நம் பிள்ளைகள் அம்பியுலன்ஸில் ஊர் ஊராக அலைய வேண்டிவரும்.

உங்களிடம் உள்ள துண்டுகளை இன்றே தேடி எடுத்து வையுங்கள். வீட்டிலுள்ள மூத்தவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவைத் தருவானாக. ஆமீன்.